சண்டையின் வேகத்தைக் குறைப்பது எப்படி: தம்பதியர் சிகிச்சை வேலை செய்யும் விதம்

கணவன் மனைவிக்குக் கவுன்சலிங் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பஞ்சாயத்துதான். இருவரும் அவரவர் நியாயத்தைச் சொல்வார்கள், நடுவில் இருப்பவர் கேட்டுவிட்டு யார் மேல் தப்பு என்று சொல்வார், "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க" என்று அனுப்பிவைப்பார். முறையாகப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் இந்த வேலையைச் செய்வதே இல்லை. சண்டை எதைப் பற்றியது என்பதைவிட அது எப்படித் தொடங்கி, எப்படி ஏறி, எங்கே போய் முட்டி நிற்கிறது என்பதைத்தான் அவர் கவனிக்கிறார். அந்த ஓட்டம் மாறினால் பல பிரச்சினைகளின் பாரம் குறையும் என்பதற்கு நாற்பது ஆண்டு ஆய்வுகள் இருக்கின்றன.

1980களின் தொடக்கத்தில் ராபர்ட் லெவன்சன், ஜான் காட்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் தம்பதிகளை எதிரெதிரே உட்காரவைத்து, வீட்டில் தீராமல் கிடக்கும் ஒரு பிரச்சினையைப் பற்றி 15 நிமிடம் பேசச் சொன்னார்கள். இதயத் துடிப்பு, தோலில் சுரக்கும் வியர்வை, உடல் அசைவு எல்லாம் கருவிகளில் பதிவாயின. மூன்று ஆண்டு கழித்து அவர்களில் பலரைத் திரும்ப விசாரித்தபோது, அன்று யாருடைய உடல் அதிகமாகப் படபடத்ததோ அவர்களுடைய மணவாழ்க்கைதான் அதிகம் கசந்துபோயிருந்தது. இன்னும் ஒன்று. வாயைத் திறப்பதற்கு முன்னால், சும்மா எதிரெதிரே உட்கார்ந்திருந்த சில நிமிடங்களிலேயே அந்தப் படபடப்பு தெரிந்தது. இந்தத் துறையில் என்னை மிகவும் பாதித்த கண்டுபிடிப்பு இதுதான். கட்டிய துணையைப் பார்த்ததுமே உடம்பு ஆபத்துக்குத் தயாராகிவிடுகிறது என்றால், அங்கே எவ்வளவு நல்ல வார்த்தையைத் தேடிப் பிடித்துப் பேசினாலும் அது எப்படிக் காதில் ஏறும்?

காட்மன் பின்னர் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்வைத் தொடர்ந்தார். சண்டையின்போது இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக உள்ளே போவதில்லை என்கிறார் அவர். அட்ரினலின் சுரக்கிறது, கவனம் குறுகுகிறது, பழைய குற்றச்சாட்டுகள் மட்டும் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. வெளியே கல்லைப் போல உட்கார்ந்திருப்பவருக்கும் இதே நிலைதான். "நான் கத்துறேன், அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கார்" என்று மனைவி சொல்லும் அதே நேரத்தில் கணவனுடைய நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கலாம்.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை, சண்டை ஏறிய கட்டத்தில் கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிப் பேச்சை நிறுத்தினார்கள். அரை மணி நேரம் பத்திரிகைகளைப் புரட்டச் சொன்னார்கள். துடிப்பு இறங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபோது அதே இருவர் நிதானமாகப் பேசினார்கள். யாரும் அவர்களுக்கு எந்தப் புத்திமதியும் சொல்லவில்லை. சிகிச்சையாளர்கள் இன்று "குறைந்தது 20 நிமிடம் விலகியிருங்கள்" என்று சொல்வது இதனால்தான். ஆனால் விலகும் விதம் முக்கியம். "எனக்கு இப்ப முடியல, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினால், வீட்டில் இருப்பவரின் துடிப்பு இன்னும் ஏறும்.

அடுத்து, சண்டையின் வடிவம். ஒருவர் துரத்துவார், மற்றவர் ஒதுங்குவார். துரத்தத் துரத்த ஒதுங்கல் கூடும், ஒதுங்க ஒதுங்கத் துரத்தல் கூடும். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பெண்கள் நச்சரிப்பார்கள், ஆண்கள் வாய் திறக்க மாட்டார்கள், அது பிறவிக் குணம் என்றுதானே பேசிக்கொள்கிறோம்? 1990இல் அவரும் கிறிஸ்டோபர் ஹீவியும் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டியது. மனைவி மாற்றம் கேட்கும் விஷயத்தைப் பேசும்போது மனைவி துரத்துகிறார், கணவன் ஒதுங்குகிறார். கணவன் மாற்றம் கேட்கும் விஷயத்தை எடுத்தால் அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. யாருக்கு மாற்றம் வேண்டுமோ அவர் கேட்டுக்கொண்டே இருப்பார், இப்போது இருப்பதே வசதி என்பவர் நழுவப் பார்ப்பார்.

சரி, ஆலோசனை அறையில் இதை எப்படிக் கையாளுகிறார்கள்? கற்பனையான ஒரு தம்பதியை வைத்துப் பார்ப்போம். கணவன் தன் தங்கைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். மனைவிக்குப் பாஸ்புக்கைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"இதுக்குத்தான் சொல்லலை."

வீட்டில் இதற்கு அடுத்த வரி கணவனுடைய அம்மாவைப் பற்றியதாக இருக்கும், அப்புறம் கல்யாணத்தின்போது போட்ட நகை வரைக்கும் போகும். இங்கே ஆலோசகர் குறுக்கிடுகிறார். "இருங்க. அவர் 'இதுக்குத்தான் சொல்லலை'ன்னு சொன்னப்ப உங்களுக்குள்ள என்ன ஆச்சு?"

"கோவம் வந்துச்சு."

"கோவம் வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடி?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இந்த வீட்டுல நான் யாருன்னு தோணுச்சு."

ஆலோசகர் கணவன் பக்கம் திரும்புகிறார். "அவங்க குரல் ஏறினதும் நீங்க தரையைப் பார்த்தீங்க."

"என்ன சொன்னாலும் தப்பாத்தான் போகும். வாயை மூடிக்கிட்டா முடிஞ்சிரும்னு பார்த்தேன்."

"முடியுதா?"

"இல்லை. ரெண்டு நாளைக்குப் பேச மாட்டா."

"இதை என்கிட்ட சொல்லாம அவங்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

"நீ அப்படிப் பேசும்போது நான் எதுக்குமே லாயக்கில்லைன்னு தோணுது. அதான் எழுந்து போயிடறேன்."

மனைவி இத்தனை வருடம் அந்த மௌனத்தை அலட்சியம் என்றே நினைத்திருந்தார். கணவன் மறைக்கிறார், ஏனென்றால் சண்டை வரும். மனைவி சண்டை போடுகிறார், ஏனென்றால் அவர் மறைக்கிறார். எங்கே தொடங்கியது என்று தேடினால் இருவருக்கும் ஆளுக்கொரு விடை இருக்கும், இரண்டுமே நியாயமாகவும் இருக்கும். அதனால்தான் ஆலோசகர் அந்தத் தேடலுக்கே போவதில்லை. இந்தச் சுழலை இருவருக்கும் பொதுவான எதிரியாக முன்னால் வைக்கிறார். ஐம்பதாயிரத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக் கோபத்துக்கு அடியில் இருக்கும் பயத்தைத் தேடிப் போகும் முறையை 1980களில் கனடாவில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பர்க்கும் உருவாக்கினார்கள். உணர்வை மையமாகக் கொண்ட சிகிச்சை என்று அதற்குப் பெயர். குழந்தைக்குத் தாயின் அருகாமை எப்படிப் பாதுகாப்போ, பெரியவர்களுக்குத் துணையின் அருகாமை அப்படி என்பது ஜான்சனின் அடிப்படை வாதம். தாய் சேய்ப் பிணைப்பைப் பற்றி பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி சொன்னதை அவர் திருமணத்துக்குக் கொண்டுவந்தார். "நான் கூப்பிட்டால் நீ வருவாயா?" என்ற சந்தேகம்தான் பெரும்பாலான சண்டைகளுக்குள் ஒளிந்திருக்கிறது என்பார்.

இது வெறும் நெகிழ்ச்சியான பேச்சு இல்லை. ஜேம்ஸ் கோன் என்ற நரம்பியல் ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. திருமணமான 16 பெண்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, கணுக்காலில் லேசான மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்தார். தனியாக இருந்தபோது மூளையில் ஆபத்தை உணரும் பகுதிகள் கிளர்ந்தன. கணவன் கையைப் பிடித்தபோது அடங்கின. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது அவ்வளவு பலன் இல்லை. மணவாழ்க்கை நன்றாக இருந்தவர்களுக்கு அமைதி கூடுதல். 2013இல் கோனும் ஜான்சனும் சேர்ந்து, உறவு கசந்துபோன தம்பதிகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். சிகிச்சைக்கு முன்னால் கணவன் கை பெரிதாக உதவவில்லை. சிகிச்சை முடிந்த பிறகு, அதே கையைப் பிடித்தபோது மனைவியின் மூளை அமைதியானது.

பேசும் நுணுக்கங்களைக் கற்றுத்தருவது மட்டுமே சிகிச்சை என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. "நீ சொல்வது எனக்கு இப்படிப் புரிகிறது" என்று திருப்பிச் சொல்லும் பயிற்சி உதவும், குறிப்பாகத் தொடக்கத்தில். ஆனால் 1998இல் காட்மன் குழு புதுமணத் தம்பதிகளை ஆராய்ந்தபோது, சந்தோஷமாக இருப்பவர்கள்கூட சண்டையில் அப்படியெல்லாம் பேசுவதில்லை என்று தெரிந்தது. அவர்களைக் காப்பாற்றியது வேறு: மென்மையாகப் பேச்சை எடுப்பது, துணை சொல்வதில் ஏதோ ஒன்றை ஏற்றுக்கொள்வது, இறுகும்போது ஒரு சின்னச் சிரிப்பு. தம்பதிகள் மோதிக்கொள்ளும் விஷயங்களில் 69 சதவீதம் கடைசிவரை தீராதவை என்பதும் காட்மனின் கணக்கு. ஒருவருக்குச் சேமிப்பு முக்கியம், மற்றவருக்குச் செலவழித்து வாழ்வது முக்கியம். அது இருபது வருடம் கழித்தும் அப்படியேதான் இருக்கும். அதோடு எப்படி வாழ்வது என்பதைத்தான் கற்க முடியும்.

கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும் உருவாக்கிய முறை இதையே மையமாக வைக்கிறது. நீண்ட நாளாகக் கடுமையாக மோதிக்கொண்டிருந்த 134 தம்பதிகளுக்கு, இந்த முறையிலும் பழைய முறையிலுமாக அதிகபட்சம் 26 அமர்வுகள் சிகிச்சை கொடுத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது ஏறக்குறைய பாதித் தம்பதிகள் தெளிவான முன்னேற்றத்தில் இருந்தார்கள், சுமார் கால்வாசிப் பேர் பிரிந்திருந்தார்கள். இரண்டு முறைகளுக்கும் நடுவே அப்போது பெரிய வித்தியாசம் இல்லை. இந்த எண்களை நான் மதிக்கிறேன். அற்புதம் என்று விளம்பரம் செய்வதைவிட இது நேர்மையானது.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. அடியும் மிரட்டலும் இருக்கிற இடத்தில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து மனம் திறக்கச் சொல்வது ஆபத்து. அறையில் சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். அதனால்தான் நல்ல சிகிச்சையாளர்கள் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுகிறார்கள். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்கு வழி செய்கிறது, 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது.

இன்னும் அந்த அளவுக்குக் கசந்துபோகாதவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. 2013இல் வெளியான ஓர் ஆய்வுக்காக உளவியலாளர் எலை ஃபிங்கலின் குழு சிகாகோ பகுதியில் 120 தம்பதிகளை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தது. முதல் ஆண்டில் எல்லோருடைய திருப்தியும் மெல்லக் குறைந்தது. இரண்டாம் ஆண்டில் பாதிப் பேரை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை 7 நிமிடம் எழுதச் சொன்னார்கள். எழுத வேண்டியது இதுதான்: அண்மையில் நடந்த சண்டையை, இருவருக்கும் நல்லது நினைக்கும் மூன்றாம் மனிதர் ஒருவர் பார்த்தால் எப்படிப் பார்ப்பார்? அடுத்த சண்டையில் அந்தப் பார்வையை எடுக்க எது தடையாக இருக்கும்? அதை எப்படிச் சமாளிப்பது? வருடத்துக்கு மொத்தம் 21 நிமிடம். எழுதியவர்களுக்கு அந்தச் சரிவு நின்றது, எழுதாதவர்களுக்குத் தொடர்ந்தது. சண்டைகளின் எண்ணிக்கை இரு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றுதான். எழுதியவர்களை அந்தச் சண்டைகள் அவ்வளவாக நோகடிக்கவில்லை.