பழைய நோட்டீஸை ஃப்ரேம் போடக் கொடுக்கும் முன்

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்கள் இப்போதெல்லாம் எனாமல் போர்டு, பழைய சாமி படம், நாடக நோட்டீஸ், தீப்பெட்டி லேபிள் என்று அள்ளிக்கொண்டு வந்து வீட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம், எடைக்குப் போயிருக்க வேண்டியது தப்பிக்கிறதே! ஆனால் பழைய காகிதங்களைச் செப்பனிடுவதுதான் என் தொழில், என் மேசைக்கு வருகிறவற்றில் பல, பூச்சி அரித்துக் கெட்டவை அல்ல. ஆசை ஆசையாக ஃப்ரேம் போட்டதாலேயே கெட்டவை.

முக்கியமாக, ஓரத்தை வெட்ட விடாதீர்கள். 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகத்தின் படங்களில், அச்சகத்தின் பெயரும் படத்தின் தலைப்பும் பெரும்பாலும் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில்தான் இருக்கும். சிவகாசிக் காலண்டர் என்றால் அந்த இடத்தில் ஏதோ ஒரு ஊர் ஜவுளிக்கடையின் பெயர் இருக்கும். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த முருகன் எத்தனையோ வீடுகளில் உண்டு, அது எந்தக் கடையிலிருந்து எந்த வருடம் வந்தது என்று சொல்வது அந்த ஒரு விரற்கடை ஓரம் மட்டும்தான். கையிலிருக்கும் சட்டத்தில் அடங்கவில்லை என்று கடைக்காரர் அதை நறுக்கிவிட்டால், படம் இருக்கும், வரலாறு போய்விடும்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகும் பசை காகித நாருக்குள் இறங்கிவிடும், அப்புறம் யாராலும் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. செலோ டேப்பும் அப்படித்தான்: சில வருடங்களில் பிளாஸ்டிக் தானாக உரிந்து விழும், பசை மட்டும் உள்ளே ஊறிப் பழுப்புப் பட்டையாக நிற்கும். படத்துக்குப் பின்னால் வைக்கும் பிளைவுட்டிலிருந்து அமிலம் கசியும், அதனால் அமிலமில்லாத அட்டை கேளுங்கள். ஃப்ரேமின் கண்ணாடி படத்தின் காகிதத்தைத் தொடக்கூடாது. மழைக்காலத்து ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அதைப் பிரிக்கும்போது மையும் சேர்ந்து வந்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் வெளிச்சத்தை என்ன செய்வீர்கள்? நோட்டீஸ்கள் அடித்த மலிவுக் காகிதம் மரக்கூழால் ஆனது, வெயில் பட்டால் மஞ்சளாகி அப்பளமாக நொறுங்கும், ஒருமுறை மங்கிய சாயம் திரும்பாது. அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: நல்ல ஸ்கேன் எடுத்து அந்தப் பிரதியை மாட்டுங்கள், அசலை இருட்டான, காற்றோட்டமுள்ள அலமாரியில் படுக்கைவாட்டில் வையுங்கள். சுவரில் அழகு குறையாது.

எனாமல் போர்டு இரும்பின் மேல் உருக்கிப் பிடித்த கண்ணாடி. வெயிலைத் தாங்கும், அடியைத் தாங்காது. மென்மையான துணி, வெறும் தண்ணீர் போதும். புளியும் ஆசிடும் போட்டுத் தேய்க்காதீர்கள். சாதாரணப் பெயின்ட் அடித்த பழைய தகரப் பலகையை உப்புத்தாள் கொண்டு சுரண்டவே கூடாது, அந்தத் தூளில் ஈயம் இருக்கலாம், குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம்.

வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப நினைக்கிறவர்களுக்கு ஒன்று. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது.

தாத்தா காலத்துப் பெட்டியில் கட்டுக்கட்டாக நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும் கிடைத்தால், அழகானதை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை வீசிவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகங்களோடு இந்த மாதிரித் துண்டுத் தாள்களையும் சேர்த்து வைத்தார், சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அந்தச் சேகரிப்புதான் அடித்தளம். உங்களுக்கு வேண்டாததை வீசும் முன் அப்படி ஒரு நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.