உசாத்துணைப் பட்டியலில் ஏறாத ஆதாரம்

திருகோணமலைக் கடற்றொழில் பற்றி ஆய்வேடு எழுதுபவருக்கு அச்சில் அகப்படாத தகவல்கள் நிறைய வந்து சேரும். நிலாவெளிச் சம்மாட்டி (படகு, வலை உரிமையாளர்) தொலைபேசியில் சொன்னது, அதிகாரி மின்னஞ்சலில் அனுப்பியது, வாட்ஸ்அப் குரல்பதிவு எல்லாம் தனிப்பட்ட தொடர்பாடல்தான்.

மேற்கோள் காட்டும் முறைகளில் ஒன்றான ஏபிஏயின் (APA) 7ஆம் பதிப்பின்படி இது கட்டுரை உடலுக்குள் மட்டுமே வரும்: (க. ......, தனிப்பட்ட தொடர்பாடல், மார்ச் 12, 2024). வாசகர் தேடி எடுக்க முடியாததைப் பட்டியலில் வைத்துப் பயனில்லை. எம்எல்ஏ (MLA) என்ற மேற்கோள் முறையில் நேர்காணலும் மின்னஞ்சலும் பட்டியலில் சேரும்; சிக்காகோ முறையில் பெரும்பாலும் அடிக்குறிப்போடு சரி. நம் பெயர்களில் முதலெழுத்து தந்தையுடையது. அதை விரித்துக் குடும்பப் பெயராக்கினால், சொன்னவரை விட்டுவிட்டு அவருடைய அப்பாவைச் சாட்சிக்கு இழுத்ததாகிவிடும்.

அதிகம் பிழைப்பது வேறிடத்தில். வினாக்கொத்தோடு போய் இருபது மீனவரிடம் எடுத்த நேர்காணல் தனிப்பட்ட தொடர்பாடல் அல்ல, உங்கள் தரவு. பெயர் வெளிவராது என்று சம்மதப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அடைப்புக்குள் பெயரும் தேதியும் போட்டால் வாக்கு மீறியதாகும். 'பங்குபற்றுநர் 7' என்று எழுதுங்கள். அப்போதும் கவனம் வேண்டும்: 'குச்சவெளியில் கரைவலை வைத்திருக்கும் ஒரே பெண்' என்று ஒரு வரி போதும், ஊருக்கே ஆள் தெரிந்துவிடும்.

பெயரோடு எழுதுவதானால், அந்த வாக்கியத்தை அவருக்கே வாசித்துக் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவும் எழுத்துமூல அனுமதியோடு, சொன்னது சரிதான் என்ற உறுதிப்படுத்தலையும் கேட்கிறது. இது வெறும் சடங்கல்ல. 'இருபது பாகம் ஆழம்' என்று கடலோடி சொன்னதை 20 மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு பாகம் ஆறடி. இருபது பாகம் 36 மீட்டருக்கும் மேல். வாசித்துக் காட்டினால் அவரே திருத்துவார்.

வாட்ஸ்அப் என்றால் செய்தி வந்த தேதிதான் கணக்கு, நீங்கள் எழுத உட்கார்ந்த தேதி அல்ல. உரையாடலை அன்றைக்கே ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். போன் மாறினால் ஆதாரமும் போய்விடலாம். பேச்சு யூடியூபிலோ ஆவணக் காப்பகத்திலோ பொதுவில் கிடைத்தால் அது தனிப்பட்டதல்ல, பட்டியலில் ஏற்றுங்கள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பதற்குப் பெரியவர் ஒருவரின் தொலைபேசிப் பேச்சைக் காட்ட வேண்டியதே இல்லை. அச்சில் தாராளமாக இருக்கிறது.