கேம் தியரி: விளையாட்டா, ஆட்டமா, சூழ்ச்சியா?

"நான் இந்த ஆட்டத்துக்கு வரலை." இதைச் சொல்லிவிட்டு ஒருவர் ஒதுங்கும்போது அங்கே சீட்டுக்கட்டும் இருக்காது, பந்தும் இருக்காது. பாகம் பிரிக்கிற பேச்சு நடந்துகொண்டிருக்கும். இல்லையென்றால் யாரும் விரும்பாத வேலையை யாராவது ஒருவர் தலையில் கட்டப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் "எந்த ஆட்டம்?" என்று யாரும் கேட்பதில்லை. நாலு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது, ஒருவர் காயை நகர்த்தினால் அடுத்தவர் கணக்கு மாறுகிறது. தமிழில் 'ஆட்டம்' என்றாலே இவ்வளவும் புரிந்துவிடுகிறது. ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் இப்படிப்பட்ட நிலைமைகளைக் கணிதத்தால் ஆராயும் துறைதான் கேம் தியரி. அதில் வரும் 'கேம்' என்ற சொல்லுக்கும் இதுதான் பொருள்.

இந்தத் துறையின் தொடக்கத்தை 1921-இல் எமில் போரெல் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் எழுதிய குறிப்புகளிலிருந்து சொல்லலாம். ஆனால் அடித்தளம் போட்டது ஜான் வான் நாய்மன் 1928-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கட்டுரை. அதன் தலைப்பில் 'கெஸெல்ஷாஃப்ட்ஸ்ஷ்பீலெ' என்றொரு நீளமான சொல் வரும். ஷ்பீல் என்றால் ஆட்டம். கெஸெல்ஷாஃப்ட் என்றால் கூட்டம், சமூகம். இரண்டும் சேர்ந்தால் நாலு பேர் கூடி உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள். 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெரிய நூலில் 'கேம்ஸ்' மட்டும் தங்கியது. கூட்டம் காணாமல் போனது. எனக்கு இது ஒரு நஷ்டமாகவே படுகிறது. கோட்பாட்டின் உயிர் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது.

ஓர் எளிய சோதனை. குடை எடுத்துப் போவதா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள். நீங்கள் குடை எடுத்தீர்கள் என்பதற்காக மழை மனம் மாறாது. இது முடிவெடுத்தல், அவ்வளவுதான். நெரிசலைத் தவிர்க்க மாற்று வழியில் போகலாமா என்று யோசிக்கிறீர்கள். அதே யோசனை அந்தச் சாலையில் இருக்கும் எல்லோருக்கும் வந்தால் மாற்று வழியில்தான் நெரிசல். இப்போது அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதையும் நீங்கள் நினைக்க வேண்டியிருக்கிறது. அவர்களும் உங்களைப் பற்றி நினைப்பார்கள். இது ஆட்டம்.

தமிழில் இதற்கு 'விளையாட்டுக் கோட்பாடு', 'ஆட்டக் கோட்பாடு' என்று இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. என் ஓட்டு இரண்டாவதற்கு. 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால் பொறுப்பில்லாமல் சொன்னேன் என்று அர்த்தம். உடற்பயிற்சி, மைதானம், பதக்கம் எல்லாமும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆட்டத்துக்கு அந்தச் சுமை இல்லை. ஆட்டக்காரர், ஆட்ட விதி, முதல் ஆட்டம், எதிராட்டம் என்று கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் கிடைக்கின்றன. கோட்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோள், பாடு இரண்டும் சேர்ந்தது, கொள்கையாகக் கொண்டது என்று பொருள்.

சிக்கல் 'ஸ்ட்ராடஜி' என்ற சொல்லில்தான். கிரேக்கத்தில் படைத்தலைவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. படையை நடத்துகிறவனின் வேலை எதுவோ அதுதான் ஸ்ட்ராடஜி. தமிழ்ச் செய்திகளில் இதற்கு 'வியூகம்' என்று எழுதுகிறார்கள். வியூகம் படைகளை நிறுத்தும் வடிவம், வடமொழிச் சொல். தேர்தலுக்குச் சரி. வீட்டில் பாத்திரம் கழுவும் முறையைப் பேசித் தீர்க்க வியூகம் வகுத்தேன் என்றால் சிரிப்பார்கள். 'உத்தி' பொருந்துகிறது, பழசும்கூட. தொல்காப்பிய மரபியலிலேயே நூல் செய்வதற்கான முப்பத்திரண்டு உத்திகள் பேசப்படுகின்றன. ஆனால் அன்றாடப் பேச்சில் உத்தி என்றால் ஒரு சாமர்த்தியமான செயல், ஒரு டெக்னிக். கோட்பாடு கேட்பது அதைவிடப் பெரியது. அவர் ஒத்துக்கொண்டால் இது, மறுத்தால் அது, பதிலே சொல்லாமல் இருந்தால் இன்னொன்று என்று எல்லாக் கிளைக்கும் முன்கூட்டியே விடை வைத்திருக்கும் முழுத் திட்டம்தான் அங்கே உத்தி. ஒரு காயை நகர்த்துவது வெறும் நகர்வு.

அந்த யோசிப்புக்குத் தமிழில் ஒரு சொல் இருந்தது: சூழ்தல். ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதுபோல எல்லாப் பக்கமும் ஆராய்வது. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்கிறது குறள் (671). ஆராய்ச்சிக்கு முடிவு, துணிந்து ஒரு தீர்மானத்துக்கு வருவது. அங்கே சூழ்ச்சி கெட்ட வார்த்தையே இல்லை. 'ஊதியமும் சூழ்ந்து செயல்' என்று இன்னொரு குறள் (461). என்ன அழியும், என்ன ஆகும், பிற்பாடு என்ன கிடைக்கும் என்று எண்ணிச் செய்யச் சொல்கிறது. ஆட்டத்தின் முடிவில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பதைக் கேம் தியரிக்காரர்கள் 'பே-ஆஃப்' என்று எழுதும் இடத்தில் இந்த ஊதியத்தை அப்படியே வைக்கலாம். இன்று ஊதியம் மாதச் சம்பளமாகிவிட்டது, சூழ்ச்சி சதியாகிவிட்டது. நூல் என்று பொருள்பட்ட தந்திரத்துக்கும் இதே கதிதான். அடுத்தவர் என்ன செய்வார் என்று கணக்குப் போடுகிறவனைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் சொற்களுக்குள்ளேயே ஏறிவிட்டதோ என்று தோன்றும். ஆனால் அடுத்தவரைக் கணக்கில் எடுப்பது அவரைக் கவிழ்க்கத்தான் என்று எந்த விதியும் இல்லை.

நானும் தம்பியும் ஒரே வீட்டில் தங்கியிருந்த காலத்தில் சமையலறைக் குப்பைக் கூடை எப்போதும் நிரம்பியே இருக்கும். யாரும் அதை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குவியலை உள்ளங்கையால் மெதுவாக அமுக்கிவிட்டு, மேலே ஒரு காகிதத்தைச் சரியாமல் வைத்துவிட்டு நழுவுவோம். சரிந்தால் மாட்டினோம் என்று இருவருக்கும் தெரியும். கடைசியில் நாற்றம் யாருக்கு முதலில் பொறுக்கவில்லையோ அவர் எடுப்பார். அது பெரும்பாலும் நான். இதற்கு ஒரு பெயர் இருப்பதே பின்னால்தான் தெரிந்தது. 'முன்வருபவரின் இக்கட்டு' என்று தமிழில் சொல்லலாம். ஜெர்மன் சமூகவியலாளர் ஆண்ட்ரியாஸ் டீக்மன் 1985-இல் எழுதியது. யாராவது ஒருவர் செய்தால் எல்லோருக்கும் நன்மை, செலவு மட்டும் செய்தவருக்கு. ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் 'இன்னொருத்தர் பார்த்துப்பார்' என்று விடும் வாய்ப்பும் கூடுகிறது.

நான் எடுக்கிறேன், அவன் எடுப்பதில்லை. நான் எடுப்பேன் என்று தெரிந்திருப்பதால் அவனுக்கு மாற வேண்டிய காரணம் இல்லை. அவன் எடுக்கமாட்டான் என்று தெரிந்திருப்பதால் எனக்கும் வேறு வழி இல்லை. தனியாக மாறினால் யாருக்கும் லாபமில்லாத இந்த நிலைக்குத்தான் 'நாஷ் சமநிலை' என்று பெயர். ஜான் நாஷ் இதை 1950-இல் வெளியிட்டார். 1994-இல் நோபல் பரிசு பெற்றார். சமநிலை என்றதும் தராசு, நியாயம் என்று மனசு போகும். அப்படியெல்லாம் இல்லை. அநியாயமும் அசையாமல் நிற்கும்.

அசைக்க வேண்டுமென்றால் தம்பியிடம் கத்திப் பயனில்லை, ஆட்டத்தை மாற்ற வேண்டும். வீட்டு வேலைகளை இரண்டு பட்டியலாக நான் பிரித்தேன். எந்தப் பட்டியல் வேண்டும் என்று அவன் முதலில் தேர்ந்தெடுத்தான். பிரிப்பவர் ஒருவர், எடுப்பவர் இன்னொருவர். மிச்சம் எனக்குத்தான் வரும் என்று தெரிந்ததும் என் பேனா எவ்வளவு நேர்மையானது என்பதை நானே பார்த்தேன்.

இன்னும் இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1950-இல் ஆல்பர்ட் டக்கர் கதையாகச் சொன்ன அந்தப் பிரபலமான இரண்டு கைதிகளின் புதிரை 'இருதலைக்கொள்ளி எறும்பு' என்று விளக்குகிறவர்கள் உண்டு. தனித்தனியாக விசாரிக்கப்படும் இரண்டு கூட்டாளிகளில் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டிக்கொடுக்கலாம், அல்லது வாய் திறக்காமல் இருக்கலாம். இருவருமே வாய் திறக்காவிட்டால் இருவருக்கும் தண்டனை குறைவு. இதுதான் புதிர். எறும்பு உவமை இதற்குப் பொருந்தாது. எறும்புக்கு எந்தப் பக்கம் போனாலும் சூடு. கைதிக்கோ குழப்பமே இல்லை. கூட்டாளி என்ன செய்தாலும் காட்டிக்கொடுப்பதுதான் தனக்கு லாபம். இருவரும் அப்படியே சரியாக யோசிப்பதால்தான் இருவரும் கூடுதலாகச் சிறையில் கிடக்கிறார்கள். 'கைதிகளின் இக்கட்டு' போதும்.

அடுத்தது 'டிட் ஃபார் டாட்'. அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராட் 1980-ஐ ஒட்டி ஒரு கணினிப் போட்டி நடத்தினார். கைதிகளின் இக்கட்டையே திரும்பத் திரும்ப ஆடும் அந்தப் போட்டியில் பதினான்கு திட்டங்கள் மோதின. அனடோல் ரப்போபோர்ட் அனுப்பிய மிகச் சின்னத் திட்டம் வென்றது. அறுபதுக்கு மேல் போட்டியாளர்கள் வந்த இரண்டாவது சுற்றிலும் அதுவே வென்றது. அது செய்ததெல்லாம் இவ்வளவுதான்: முதலில் ஒத்துழை, அப்புறம் எதிரி கடைசியாக என்ன செய்தாரோ அதையே செய். இதைப் 'பழிக்குப் பழி' என்று எழுதினால் பாதி பொய். பழிக்குப் பழி தலைமுறை தாண்டியும் நீளும். இதுவோ எதிரி ஒருமுறை இறங்கி வந்தால் உடனே பழையதை மறந்துவிடுகிறது. 'நீ எப்படியோ நான் அப்படி' என்பது பேச்சுத் தமிழானாலும் அதற்குச் சரியான பெயர்.

ஆனால் இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. சண்டை போட்ட இரண்டு பேர் பேசாமல் இருக்கும் நாட்களில் அது தெரியும். அலைபேசித் திரையில் 'டைப்பிங்' என்று வரும், மறையும், மறுபடி வரும், பிறகு ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கம் எழுதி அழித்ததை இந்தப் பக்கம் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தானும் மௌனமாகும். தப்பாகப் புரிந்த ஒரு நகர்வுக்கு இருவரும் மாறிமாறிப் பதில் கொடுத்துக்கொண்டே போவார்கள். அப்போது யாராவது ஒருவர் ஒரு சுற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால்தான் ஆட்டம் திரும்பும். கோட்பாட்டில் இதற்கு 'தாராளமான' என்று ஓர் அடைமொழி சேர்த்திருக்கிறார்கள். தமிழில் 'விட்டுக்கொடுத்தல்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. விடுவதும் கொடுப்பதும் ஒரே சொல்லில். இதை மட்டும் யாரும் சூழ்ச்சி என்று சந்தேகப்படுவதில்லை.