வைரஸ் எப்போது தொற்றத் தொடங்குகிறது?

புதிதாக ஒரு வைரஸ் கிளம்பியிருக்கிறது என்று செய்தி வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, நூறு பேருக்கு வந்தால் எத்தனை பேர் சாவார்கள் என்பதைத்தான். நியாயமான பயம். ஆனால் அது உலகமெல்லாம் பரவுமா, ஒரு மூலையிலேயே அடங்கிவிடுமா என்று தெரிய வேண்டுமானால் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: தொற்றிய ஆள் அதை மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்குவது காய்ச்சல் வந்த பிறகா, வருவதற்கு முன்பேவா?

2003-ல் உலகை மிரட்டிய சார்ஸையும் 2020-ன் கொரோனாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே குடும்பம், நம் செல்லுக்குள் நுழைய இரண்டும் பற்றிக்கொள்வது ஏசிஇ2 என்ற அதே புரதத்தை. சார்ஸ் வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறந்தார், கோவிட்டில் அந்த விகிதம் எவ்வளவோ குறைவு. ஆனாலும் சார்ஸ் சுமார் 8,000 பேரோடு சில மாதங்களில் நின்றுபோனது. ஏனென்றால் சார்ஸ் நோயாளியிடமிருந்து வைரஸ் அதிகமாக வெளிவந்தது நோய் கண்டு ஒரு வாரத்துக்கு அப்புறம்தான், அதற்குள் அவர் பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். அங்கே பணியாற்றியவர்கள் அதற்குப் பெரிய விலை கொடுத்தார்கள், ஆனால் காய்ச்சல்காரர்களைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தியே சங்கிலியை அறுக்க முடிந்தது. கோவிட் வைரஸோ மூக்கிலும் தொண்டையிலும் ஆரம்பத்திலேயே பெருகிவிடும். இருமல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று வேலைக்குப் போனவர் பேச்சிலும் மூச்சிலும் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டுகிற வெப்பமானியில் அவர் எப்படிச் சிக்குவார்?

ரொம்பக் கொடிய வைரஸ் பரவாது, ஆளைக் கொன்று தானும் அழிந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. தயவுசெய்து இதை நம்பி நிம்மதியடையாதீர்கள். பெரியம்மை வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் செத்தார்கள், அப்படியும் அது நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்களை விடவில்லை, தடுப்பூசி போட்டுத்தான் விரட்ட வேண்டியிருந்தது, ஒழிந்தது என்று 1980-ல்தான் அறிவிக்க முடிந்தது. அடுத்தவருக்குத் தாவிய பிறகு, முதல் ஆள் பிழைத்தாரா போனாரா என்பது வைரஸுக்கு ஒரு பொருட்டே இல்லை.

எபோலா கோவிட்டுக்கு நேர் எதிர். அறிகுறி தெரியும் முன் தொற்றாது, தள்ளி நிற்பவருக்கு மூச்சுக்காற்றில் வராது, ரத்தம், வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற உடல் திரவங்கள் வழியாகத்தான் வரும். எளிதில் அடக்கிவிடலாம் என்றுதானே தோன்றுகிறது? 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் 28,000 பேருக்கு மேல் தொற்றி, 11,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நோய் முற்ற முற்ற உடலில் வைரஸ் ஏறிக்கொண்டே போகும், உயிர் போன பிறகும் சில நாள் உடலில் தங்கியிருக்கும். அதனால் வாந்தியைத் துடைத்த மகளுக்கும், உடலைக் குளிப்பாட்டிய உறவினருக்கும்தான் அது முதலில் போனது. அடக்கத்தைப் பாதுகாப்பாகச் செய்ய, குடும்பத்தாரை மதித்து உட்கார்ந்து பேசிச் சம்மதிக்க வைத்த பிறகே பல இடங்களில் பரவல் குறைந்தது. இதை எப்போது படித்தாலும் எனக்கு மனம் கனத்துப்போகும்.

சரி, இப்போது நிபுணர்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும் எச்5என்1 பறவைக் காய்ச்சலுக்கு வருவோம். 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குக்கு வந்த மனிதர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். இருந்தும் அது ஆளுக்கு ஆள் எளிதாகப் பரவவில்லை. அது பற்றிக்கொள்ளத் தோதான சர்க்கரை மூலக்கூறுகள் நம் உடலில் நுரையீரலின் அடி ஆழத்தில்தான் அதிகம். அங்கே பெருகினால் நோயாளிக்கு ஆபத்து, ஆனால் தும்மலில் வெளியேறுவது கடினம். சாதாரண ஃப்ளூ பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கின்றன. ஒரு சில மரபணு மாற்றங்கள் சேர்ந்தாலே எச்5என்1 பாலூட்டிகளுக்கிடையே காற்றில் பரவ முடியும் என்று 2012-ல் ஃபெரட் விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டின. 2024-ல் அமெரிக்கக் கறவை மாடுகளிலும் அது பரவியது தெரிந்ததிலிருந்து, நோயாளியிடம் எடுக்கிற மாதிரிகளின் மரபணுவை வரிசைப்படுத்தும்போது ஆய்வகத்தில் முக்கியமாகத் தேடுவது இதைத்தான்: வைரஸின் பிடி நுரையீரலிலிருந்து மேலே, மூக்குக்கு மாறத் தொடங்கியிருக்கிறதா?