ஒரு வருடம் அவனோடு வாழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை

குடும்பநல நீதிமன்றத்தில் 19 ஆண்டுகளாக வழக்காடி வருகிறேன். திருமணப் பத்திரிகை, ஜாதகம், நகை ரசீது, பீரோச் சாவி என்று கட்சிக்காரர்கள் எதையெதையோ கொண்டுவந்து என் மேசைமீது வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் 23 வயதுப் பெண் ஒருவர் ஒரு காதல் நாவலைக் கொண்டுவந்து வைத்தார். கட்டாயமாகத் தாலி கட்டப்பட்டு 14 மாதங்கள் ஆகியும் ஏன் ஒரு வழக்கறிஞரைக்கூடப் பார்க்கவில்லை என்று நான் கேட்டதற்கு அவர் தந்த பதில் அந்தப் புத்தகம்தான். “ஒரு வருஷம் முடியாம கோர்ட்டுக்கே போக முடியாதுன்னு இதுல போட்டிருக்கே மேடம்” என்று மூலை மடித்த பக்கத்தைக் காட்டினார். அவருடைய அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.

அன்றிரவே அந்த நாவலை முழுவதும் படித்தேன். அண்ணன் செய்த துரோகத்துக்காகத் தங்கையைப் பழிவாங்கும் தொழிலதிபர், கோயில் பிராகாரத்தில் அத்தனை பேர் பார்க்க அவள் கழுத்தில் தாலி கட்டுகிறார். அர்ச்சகர் ஏனென்று கேட்கவில்லை. கூட்டத்தில் ஒருவரும் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியை எடுக்கவில்லை. பொறியியல் படித்த நாயகிக்குத் தன்னுடைய கைப்பேசி நினைவுக்கே வரவில்லை. பிறகு நாயகனின் வழக்கறிஞர் வந்து, சட்டப்படி ஒரு வருடம் கணவன் வீட்டில் இருந்தால்தான் விவாகரத்துக் கிடைக்கும் என்று அவளிடம் சொல்ல, அவள் அந்த வீட்டிலேயே தங்குகிறாள். மிச்சமுள்ள முந்நூறு பக்கங்களும் இந்த ஒரு பொய்யின்மேல்தான் நிற்கின்றன. எழுதியவருக்கு மொழி கைவந்திருக்கிறது. மழை பெய்யும் இரவையும் மாமியாரின் மௌனத்தையும் அவ்வளவு நன்றாக எழுதக்கூடியவர் சட்டத்தை எழுதும்போது, அதையும் வாசகர்கள் அப்படியே நம்பிவிடுகிறார்கள். என்னிடம் இந்த நம்பிக்கையோடு வந்த முதல் பெண் இவர் அல்லர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தைப் பற்றி. பிற மதத்தினருக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தவர்களுக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. இந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, திருமணமாகி ஓராண்டு முடியும் முன் விவாகரத்து மனுவை நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்கிறது. அந்த ஓராண்டை அவன் வீட்டில், அவனோடு கழிக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. பெண் தாய் வீட்டில் இருக்கலாம், விடுதியில் இருக்கலாம், வேறு ஊரில் வேலை பார்க்கலாம். தாங்க முடியாத துன்பம் இருந்தால் ஓராண்டுக்கு முன்பே மனுப் போட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கவும் அதே பிரிவு வழி வைத்திருக்கிறது. நாவல்களில் மிகவும் அடிபடும் பரஸ்பர சம்மத விவாகரத்தோ இதற்கு நேர்மாறானது: 13பி பிரிவின்படி, மனுப் போடும் நாளில் இருவரும் ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழச் சொல்லும் சட்டத்தைச் சேர்ந்து வாழச் சொல்வதாக எழுதுவதைக் கதைக்கான சுதந்திரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. பலவந்தத்தால் நடந்த திருமணத்துக்கு விவாகரத்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. சம்மதம் பலவந்தத்தாலோ மோசடியாலோ பெறப்பட்டிருந்தால் அந்தத் திருமணத்தையே ரத்து செய்யக் கோரலாம் என்கிறது 12ஆம் பிரிவு. இதற்கு ஓராண்டுக் காத்திருப்பு கிடையாது. மறுநாளே மனுப் போடலாம். ஆனால் பலவந்தம் நீங்கிய நாளிலிருந்து, மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து, ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். பலவந்தம் நீங்கிய பிறகோ மோசடி தெரியவந்த பிறகோ அவள் முழுச் சம்மதத்தோடு அவனுடன் மனைவியாக வாழ்ந்திருந்தால் மனு நிற்காது. ஆகவே, நாவலை நம்பி ஒரு வருடம் பொறுத்திருக்கும் பெண், அந்த ஒரு வருடத்தில் தன் கையில் இருந்த மிக நல்ல வழியை இழந்துவிடக்கூடும். இந்த இரண்டு ஓராண்டுகளையும் குழப்பிக்கொள்ளும் இளம் வழக்கறிஞர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

தாலி ஏறிவிட்டால் முடிந்தது என்னும் பேச்சுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இதே சட்டத்தில் வந்த 7ஏ பிரிவு, புரோகிதர் இல்லாமல், உற்றார் உறவினரோ நண்பர்களோ மற்றவர்களோ முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கிறது. இருவர் மனமொத்து ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதற்காகப் போராடிப் பெற்ற சட்டம் அது. ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்துக் கயிற்றைக் கட்டுகிறவனுக்கு அதில் இடம் தேடுவது அந்தப் போராட்டத்துக்கே அவமரியாதை. திருமணம் செய்துகொள்ளக் கட்டாயப்படுத்தும் நோக்கில் பெண்ணைக் கடத்துவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 87ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். நாவலில் அந்த ஆள் நாயகன்.

முத்திரைத்தாளில் எழுதும் ஆறு மாத ஒப்பந்தத் திருமணம் நம் சட்டத்தில் இல்லை. தேதி போடாமல் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி அலமாரியில் வைக்கும் விவாகரத்துப் பத்திரத்துக்கும் மதிப்பில்லை. பதிவுச் சான்றிதழ் மட்டும் இருந்து திருமணச் சடங்கே நடக்கவில்லை என்றால் அது இந்து திருமணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றமே 2024இல் சொல்லிவிட்டது.

இப்படி உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ நேர்ந்தால், முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்கள் உதவி எண் 181, பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் 1098. மிரட்டல் செய்திகளைப் பயத்திலும் அருவருப்பிலும் அழித்துவிடாதீர்கள், தயவுசெய்து அழிக்காதீர்கள். திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் போதாது, அந்தக் கைப்பேசியையே பத்திரமாக வைத்திருங்கள். எந்த நாளில் என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பணமில்லை என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு, எண் 15100. பெற்றோர்களே, அழுதுகொண்டு வரும் மகளிடம் ஊர் என்ன சொல்லும் என்று கேட்காதீர்கள். எழுத்தாளர்களிடம் நான் கேட்பது, அச்சுக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசுங்கள் என்பதுதான். எங்களில் பலர் இதற்குக் கட்டணம்கூட வாங்க மாட்டோம்.

அந்தப் பெண் பழைய மருந்துச் சீட்டு ஒன்றில் மடித்து அந்த மஞ்சள் கயிற்றை வைத்திருந்தார். கழற்றியது பாவமா என்று கேட்டார், இல்லையம்மா என்றேன். படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டித் தாலி கட்டியவனோடு அவர் ஒரு நாளும் வாழவில்லை, ஆனால் மிரட்டல் தொடர்ந்திருக்கிறது. தன் கைப்பேசியில் இருந்த செய்திகளையெல்லாம் அழித்துவிட்டார். அவருடைய அம்மாவின் பழைய கைப்பேசியில் மட்டும், மகளை என் வீட்டுக்கு அனுப்பாவிட்டால் படங்களை ஊருக்கே அனுப்புவேன் என்று அவன் எழுதிய செய்தி ஒன்று மிஞ்சியிருந்தது. மேசை நாட்காட்டியில் அந்தத் தேதியிலிருந்து எண்ணினோம். பலவந்தம் அன்றுவரையாவது நீடித்தது என்பது எங்கள் வாதம். அப்படிக் கணக்கிட்டால் ஓராண்டு முடிய 19 நாட்கள் இருந்தன. ஆறாம் நாள் மனுவைத் தாக்கல் செய்தோம். எதிர்த்தரப்பு காலக்கெடுவைத்தான் முதலில் எழுப்பும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் கைப்பேசி சாட்சிப் பொருளாக என் பீரோவில் இருக்கிறது.