அஷ்யூரன்ஸ் கேஸ்: கூற்று, ஏது, சான்று

ஓர் அமைப்பு பாதுகாப்பானது என்று சொல்பவர், எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்பதை அடுத்தவர் சோதித்துப் பார்க்கும்படி அடுக்கி எழுதிய ஆவணம்தான் அஷ்யூரன்ஸ் கேஸ். உச்சியில் கிளெய்ம் (நிறுவ வேண்டிய முடிவு), நடுவில் ஆர்க்யுமென்ட் (சான்று அந்த முடிவைத் தாங்குவது எப்படி என்ற விளக்கம்), அடியில் எவிடென்ஸ். ஐஎஸ்ஓ 15026 தரநிலையின் இரண்டாம் பகுதி இந்த அமைப்பைப் பற்றியது.

தரவிலிருந்து முடிவுக்குத் தாவ நடுவே ஒரு நியாயம் வேண்டும் என்பதை 1958இல் பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் விரிவாக எழுதினார். 1988இல் வடகடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பிரிட்டனில் கடல் மேடைகளுக்கு சேஃப்டி கேஸ், அதாவது பாதுகாப்புக்கான அஷ்யூரன்ஸ் கேஸ், கட்டாயமானது.

தமிழில் கிளெய்மை 'உரிமைகோரல்' என்கிறார்கள். அது இன்சூரன்ஸ் பணம் கேட்பவருக்குப் பொருந்தும், இங்கே 'கூற்று' போதும். ஆர்க்யுமென்டுக்கு 'வாதம்' என்றால் இரு தரப்பு மோதல்தான் நினைவுக்கு வருகிறது. நமக்கு இதைவிடத் துல்லியமான பழஞ்சொல் உண்டு: ஏது. மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையில் போல என்று மணிமேகலையின் தருக்கப் பகுதி அடுக்குகிறதே, அதில் 'புகை தெரிவதால்' என்பது ஏது. எவிடென்ஸ் சான்றேதான். கேஸை 'வழக்கு' என்பதைவிட, பள்ளி வடிவியலில் பழகிய 'நிறுவல்' பொருத்தம். ஆக, அஷ்யூரன்ஸ் கேஸ் என்பது உறுதிநிறுவல்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். சேறு அள்ள ஆள் இறங்க வேண்டும். முடி நீக்கும் சுண்ணாம்புக் குழி நீரில் சோடியம் சல்பைடு இருக்கும். பிக்கிள் செய்த (தோலை அமிலமும் உப்பும் கலந்த நீரில் ஊறவைத்த) அமில நீர் அதில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். 100 பிபிஎம்மை (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) தொட்டால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும்.

'இறங்குவது பாதுகாப்பானது' என்பது கூற்றே ஆகாது, அதைச் சோதிக்க வழியில்லை. 'இந்தத் தொட்டியில், சேறு அள்ளும் வேலையில், ஆள் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க, அவர் மூச்சு விடும் உயரத்தில் ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்குக் கீழே இருக்கும்' என்பதுதான் கூற்று. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாது என்பதைத் தனிக் கூற்றாக எழுத வேண்டும்.

ஏது: வாயு மூன்று வழியில்தான் வர முடியும், மூன்றையும் கட்டுக்குள் வைத்திருக்கிறோம். ஏற்கெனவே தேங்கிய வாயு, வரத்துக் குழாய் வழி வருவது, சேற்றுக்குள் சிக்கியிருக்கும் வாயு. இவை ஒவ்வொன்றும் கட்டுக்குள் இருக்கிறது என்பது ஒரு துணைக்கூற்று. முதலாவதற்கு, பிளோயர் (காற்று ஊதும் விசிறி) ஓட்டிய பின் மேல், நடு, அடி என மூன்று ஆழத்தில் எடுத்த ரீடிங் சான்று. இரண்டாவதற்கு, வால்வை மூடியது மட்டும் போதாது, கசியும். பிளைண்ட் (குழாயை முழுக்க அடைக்கும் தகடு) போட்டுப் பூட்டிய பதிவு வேண்டும். மூன்றாவதற்கு, ஆள் நெஞ்சில் மாட்டிய டிடெக்டரின் தொடர் பதிவும், அன்று காலை அதைச் சோதனை வாயுவில் சரிபார்த்த குறிப்பும்.

பெரும்பாலும் தவறு நடுவில்தான் நடக்கிறது. கூற்றின் கீழே கோப்புகளைக் குவிப்பார்கள், ஏது எழுதியிருக்காது. மேன்ஹோல் வாயில் காலை 8 மணிக்கு எடுத்த ரீடிங் உண்மையானதுதான். ஆனால் 10 மணிக்கு மண்வெட்டி பட்டுச் சேறு கலங்கும்போது அடியில் என்ன இருக்கும் என்பதற்கு அது சான்று ஆகாது. சரியான சான்றைப் பொருந்தாத கூற்றோடு கட்டுவதற்கும் பழைய நூலே பெயர் தந்திருக்கிறது: ஏதுப்போலி. தணிக்கைக்கு வருபவர்கள் ரீடிங் தாளைப் புரட்டுவதற்கு முன் இதைத்தான் தேட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 2006இல் ஆப்கானிஸ்தானில் 14 பேருடன் விழுந்த பிரிட்டிஷ் விமானப்படையின் நிம்ராட் விமானத்துக்கும் சேஃப்டி கேஸ் இருந்தது. அது வெறும் காகித வேலையாகிப் போனதை 2009 விசாரணை அறிக்கை கடுமையாகச் சாடியது.

படமாக வரைவதற்கு ஜிஎஸ்என் (கோல் ஸ்ட்ரக்சரிங் நொட்டேஷன்) என்ற குறியீட்டு முறையில் கூற்றுக்குச் செவ்வகம், ஏதுவுக்கு இணைகரம், சான்றுக்கு வட்டம். பேப்பரில் கையால் வரைந்தாலும் தப்பில்லை.

நிறுவலுக்குக் காலாவதி உண்டு. பிக்கிள் பிரிவின் வடிகாலை நாளை இதே தொட்டிக்குத் திருப்பினால் பழைய ரீடிங் ஒன்றும் பொய்யாகாது, ஆனால் 'மூன்று வழிதான்' என்ற ஏது உடைந்துவிடும். நான்காவது வழிக்குத் துணைக்கூற்றும் சான்றும் சேரும்வரை அந்தத் தொட்டியில் ஆள் இறங்கப் பர்மிட் கொடுக்கக் கூடாது.