கையில் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, வழக்குப் போடலாமா?

“வீடியோ போட்டவன் எந்த நாட்டில் இருக்கிறானோ, அவனை விடுங்கள். அதை என் பையன் போனில் கொண்டுவந்து கொட்டிய கம்பெனி மேல் கேஸ் போட முடியுமா?” என்று ஒரு தீவிரவாதப் பிரச்சார வீடியோவைப் பற்றிக் கேட்டார் ஒருவர். கையில் மூன்று ஸ்கிரீன்ஷாட். மூன்றிலும் மேல்பக்கத்தை வெட்டியிருந்தார். கணக்கின் பெயர் இல்லை, தேதி இல்லை, லிங்க் இல்லை. வீடியோ வந்த சமூக வலைத்தளத்துக்குப் புகார் கொடுத்தீர்களா என்றேன். “கொடுத்து என்ன ஆகப்போகிறது?” என்றார்.

தீவிரவாதப் பிரச்சாரம் தொடர்பாக வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். யாரோ போட்ட பதிவைத் தளமே எழுதியதாகச் சட்டம் பொதுவாகப் பார்ப்பதில்லை. அது தளத்துக்குத் தெரியுமா, தெரிந்தபின் என்ன செய்தது என்பதுதான் பல நாடுகளில் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. சரியான லிங்க்கும் காரணமும் சேர்த்துப் புகார் போய், அந்தப் பதிவும் ஆழ்ந்த சட்ட ஆய்வு இல்லாமலே சட்டவிரோதம் என்று புரியக்கூடியதாக இருந்தால், தளத்துக்கு ‘தெரியும்’ என்றே கொள்ளப்படும். அப்புறமும் சும்மா இருந்தால், பொறுப்பிலிருந்து கிடைத்த விலக்கு போய்விடும். நாம் அலட்சியமாகத் தாண்டிப்போகும் அந்த ரிப்போர்ட் பட்டன் கிட்டத்தட்ட ஒரு வக்கீல் நோட்டீஸ். (பயங்கரவாதப் பதிவை ஒரு மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதி, அரசு அமைப்பின் உத்தரவுக்கு மட்டும்தான். நம் புகாருக்கு அந்தக் கெடு கிடையாது.)

புகார் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அதை ஃபேஸ்புக்கில் நேரலையாக ஓட்டினான். நேரலையில் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு, அவர்களில் ஒருவர்கூட அப்போது புகார் செய்யவில்லை என்று ஃபேஸ்புக்கே பின்னர் சொன்னது. முதல் புகார் வந்தது, வீடியோ தொடங்கி 29 நிமிடம் கழித்து. அதற்குள் நேரலையே முடிந்துவிட்டது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 15 லட்சம் பிரதிகளை நீக்க வேண்டியிருந்தது.

அமெரிக்கா வேறு கதை. யாரோ போட்ட பதிவுக்குத் தளத்தைப் பொறுப்பாக்கக் கூடாது என்று சொல்லும், அங்கே 1996-இல் வந்த 230-ஆம் சட்டப்பிரிவு தளங்களுக்குப் பெரிய கவசம். இஸ்தான்புல் இரவு விடுதித் தாக்குதலில் பலியான ஒருவரின் குடும்பம் தீவிரவாதப் பதிவுகளைப் பரப்பித் தாக்குதலுக்கு உதவியதாக ட்விட்டர், கூகுள், ஃபேஸ்புக் மீது போட்ட வழக்கு, அந்தக் கவசத்தைத் தொடாமலேயே 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. எல்லாப் பதிவுகளையும் ஒரே மாதிரி பரிந்துரைக்கும் அல்காரிதம், தாக்குதலுக்குத் தெரிந்தே உதவியதாக ஆகாது என்றது நீதிமன்றம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கடிதத்தைக் கொண்டுவந்து போடும் தபால்காரரும், “இது உனக்குப் பிடிக்கும், பிரித்துப் பார்” என்று கையில் திணிப்பவரும் ஒன்றா? ஆனால் என் கருத்தை வைத்து யாரும் வழக்குப் போட முடியாது.

சரி, நம்மவர் கதைக்கு வருவோம். பையனின் பார்வை வரலாற்றில் அந்த லிங்க் இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். கிடைத்தால், கணக்கின் பெயர், பார்த்த தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி முழுத்திரையைப் படம் எடுத்துவிட்டுப் புகார் கொடுங்கள், வரும் ஒப்புகையை அழித்துவிடாதீர்கள் என்றேன். “வீடியோவையே நண்பன் ஒருவன் சேமித்து வைத்திருக்கிறான், உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பட்டுமா?” என்றார். வேண்டவே வேண்டாம் என்று அவசரமாகத் தடுத்தேன். கிறைஸ்ட்சர்ச் வீடியோவைப் பகிர்ந்ததற்காக நியூசிலாந்தில் ஒருவருக்கு 21 மாதச் சிறை கிடைத்திருக்கிறது.